வெயில் இருந்தும் விற்றமின் 'டி' குறைவதேன்?

கற்பிட்டி முதல் சிலாபம் வரையான கரையோரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. புத்தளத்து உப்பளங்களில் கடல்நீரை உப்பாக்குவதும் அவ்வெயிலே. ஆயினும், இங்கு ஓடி விளையாடும் இளைஞரின் எலும்புக்குத் தேவையான விற்றமின் 'டி' தானாகவே கிடைத்துவிடும் என எண்ணுவது தவறாகும்.

இவ்விற்றமினைத் தோல் உற்பத்தி செய்வதற்குச் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அவசியம். நமது நிழல் நம்மைவிட நீண்டு விழும் அதிகாலையிலும் மாலையிலும் அக்கதிர்கள் மிகக் குறைவு. உதைபந்தாட்டப் பயிற்சிகள் பெரும்பாலும் நடைபெறுவதோ அவ்வேளைகளிலேயே. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேர வெயில் வேண்டும். ஆடையும் யன்னற் கண்ணாடியும் கதிர்களைத் தடுக்கின்றன.

விற்றமின் 'டி' குறைந்தால் உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் போதியளவு உறிஞ்சாது. அந்நிலையில், ஓட்டத்தின்போது மீண்டும் மீண்டும் அதிர்வுக்குள்ளாகும் எலும்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றலாம். 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், கல்சியமும் விற்றமின் 'டி'யும் வழங்கப்பட்ட அமெரிக்கக் கடற்படைப் பெண் பயிலுநரிடையே இவ்வெடிப்புகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன.

முற்பகல் வெயிலில் சிறிது நேரம் நிற்பதும், சாளை போன்ற கொழுப்பு மிக்க மீன்களையும் முள்ளோடு உண்ணும் நெத்தலியையும் உணவிற் சேர்ப்பதும் பயன் தரும். உடலை மறைத்து ஆடை அணியும் மாணவியர், வீட்டு முற்றத்தில் கை கால்களில் வெயில் படச் செய்யலாம். வைத்திய ஆலோசனையின்றி மாத்திரைகளை விழுங்கலாகாது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

கீழ்க்காலில் ஒரே இடத்தில் நீடிக்கும் வலியைச் சுளுக்கெனக் கருதிப் பிள்ளையை மீண்டும் மைதானத்துக்கு அனுப்புவது ஆபத்தானது. பெற்றோரும் பயிற்றுவிப்பாளர்களும் முதலில் வைத்தியரை நாடுவார்களாக.