பெயர் குழந்தைக்கா, நமக்கா?

நான் சொல்லப் போவது பாதிப் பேருக்குப் பிடிக்காது. எங்கள் வளைகாப்பு வீடுகளில் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்ச நஞ்சமல்ல. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரையும்தான் நினைத்துப் பார்க்கிறோம்.

முதலில் நியூமராலஜி. நம்பிக்கை அவரவர் இஷ்டம், அதில் தலையிட நான் யார்? ஆனால் ஒரு கணக்கு மட்டும் கேளுங்கள். இந்த எண் கணிதத்திலேயே இரண்டு முறை இருக்கிறது. நம் ஊரில் அதிகம் பார்க்கிற முறையில் இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் எட்டு வரைதான் எண். இன்னொரு முறையில் வரிசையாக ஒன்று முதல் ஒன்பது வரை. 'உமா' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறையில் யு 6, எம் 4, ஏ 1. கூட்டினால் 11, அதையும் கூட்டினால் 2. இரண்டாவது முறையில் யு 3, எம் 4, ஏ 1. ஆக 8. எட்டு என்றாலே சனி என்று பயப்படுகிறவர்கள் நாம். ஒரே உமா, ஒரு புத்தகத்தில் நல்லவள், இன்னொரு புத்தகத்தில் கஷ்டப்படுகிறவள்! எந்த உமாவை நம்புவது?

இன்னொன்று. எழுத்தைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் இங்கிலீஷில்தான். தமிழில் கூப்பிடும்போது கீதா எப்போதும் கீதாதான். அவள் அம்மா வாசலில் நின்று கூப்பிடும்போது அந்தக் கூடுதல் 'எச்' எங்கே போயிற்று?

சும்மா கிண்டலுக்காக இதை எழுதவில்லை. என் நாத்தனார் மகள் பட்ட பாட்டைப் பார்த்த வயிற்றெரிச்சல். அவள் யு.கே.ஜி. படிக்கும்போது அவள் அப்பாவுக்கு வியாபாரத்தில் நஷ்டம். யாரோ சொன்னார்கள் என்று பிள்ளையின் பெயரில் ஒரு 'ஏ'வும் ஒரு 'எச்'சும் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் புதுப் பெயர் ஏறிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பழைய எழுத்து. ஆதாரிலும் பழைய எழுத்து. பேங்க் பாஸ்புக்கில் எழுதினவர் 'எச்'சை விட்டு 'ஏ'வை மட்டும் வைத்துக்கொண்டார். ஆக ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர்.

பிளஸ் டூ முடித்து நல்ல மார்க்கோடு காலேஜில் சேர்ந்தாள். உதவித்தொகை வருமென்று காத்திருந்தார்கள். மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. எது சரியோ அதற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். நாத்தனார் இ-சேவை மையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் நடையாய் நடந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போச்சு. கடைசியில் கெஜட் என்கிற அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுத்தான் வழி பிறந்தது. அதற்குள் இரண்டாவது தவணை ஃபீஸ் கட்டும் நாள் வந்துவிட, நாத்தனாரின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போனது. அதிர்ஷ்டம் வரட்டும் என்று சேர்த்த இரண்டு எழுத்து, இருந்த தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டது!

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், "அத்தை, என் பேரை மாத்தும்போது எனக்கு நாலு வயசு. யாரும் என்னைக் கேக்கலை. இப்ப எல்லாரும் என்னையே ஏன் கேக்குறாங்க?" என்று. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்து நட்சத்திர எழுத்து. இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா என்று நல்லதாய் அமைந்துவிடும். திருவாதிரைக்காரர் பாடுதான் திண்டாட்டம். அதில் ஒரு பாதத்துக்கு 'ங' வரும். 'ங'வில் என்ன பெயர் வைப்பது? ஜோசியரே வேறு எழுத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்லிவிடுவார். அங்கே மாறலாம் என்றால் மற்ற இடத்திலும் மாறலாம்தானே? எழுத்துக்காக அர்த்தமே இல்லாத ஒரு பெயரைத் தேடிப் பிடிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

புதுமாதிரிப் பெயர்கள் எனக்கு வேண்டாதவை அல்ல. வடமொழி எழுத்து கூடாது என்று கொடி பிடிக்கவும் நான் வரவில்லை. ஆனால் ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். வீட்டிலிருக்கும் பாட்டியை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். 'ஹர்ஷித்' என்றால் பாட்டி 'அர்சித்து' என்பாள். அது பரவாயில்லை, அழகுதான். பாட்டிக்கு வாயிலேயே நுழையாமல் 'டேய் தம்பி' என்றே காலத்தை ஓட்டுகிறாள் என்றால் அந்தப் பெயர் யாருக்காக?

சுத்தத் தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனிமொழி, எழிலரசி எல்லாம் எவ்வளவு அழகு! இங்கிலீஷில் 'ழ'வுக்கு 'இசட் எச்' போடுகிறோம். வடக்கே உள்ளவர்கள் அதைப் பார்த்து 'எசிலரசி' என்று வாசிப்பார்கள். அதற்காக 'ழ'வை விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் ஆச்சு. அர்த்தமுள்ள பெயருக்காகப் படுகிற கஷ்டம் வேறு, அர்த்தமில்லாத 'எச்'சுக்காகப் படுகிற கஷ்டம் வேறு. அதுபோல லதா, கீதா என்பதில் 'தா'வுக்கு நாம் 'எச்' சேர்ப்போம், வடக்கே சேர்க்க மாட்டார்கள். இரண்டும் சரிதான். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள்.

இப்போது பெரியவர்களுக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். பேரன் என்றாலே தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்று எங்கள் தமிழய்யா சொல்லுவார். நல்ல வழக்கம்தான். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் நம் வழக்கம். அதனால் பெற்றவளே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் 'ராஜா', 'குட்டி' என்று ஓட்டுகிறாள். பத்து மாதம் சுமந்தவள் வாய் நிறையக் கூப்பிட முடியாத பெயர் ஒரு பெயரா? காதில் பெயர் சொல்வது அத்தை, பிடிவாதம் பிடிப்பது மாமியார், எழுத்தைத் தேர்ந்தெடுப்பது ஜோசியர். தாயிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

எல்லாவற்றிலும் கொடுமை பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள். அடுத்ததாவது ஆணாய்ப் பிறக்கட்டும் என்று 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று நம் பக்கம் வைத்தார்கள். மகாராஷ்டிராவில் 'நகூசா' என்பார்கள். வேண்டாதவள் என்று அர்த்தமாம். 2011-ஆம் ஆண்டு அங்கே சதாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் கொண்ட 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். அவரவருக்குப் பிடித்த பெயரை எடுத்துக்கொண்டார்களாம். பெயரை மாற்றுவதென்றால் இதற்காக மாற்றுங்கள், நான் கை தட்டுகிறேன். அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்து 'உள்ளேன்' சொல்லும் ஒவ்வொரு நாளும் 'நீ வேண்டாம்' என்பதைக் கேட்டிருப்பார்களே!

கடைசியாகக் கொஞ்சம் வேலைக்காகும் விஷயம். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலும் பதியலாம். ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே அவசரப்பட வேண்டாம், ஒரு வருஷம் தாராளமாய் யோசியுங்கள். ஆனால் 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், டிரைவிங் லைசென்ஸ், ஓட்டுரிமை, பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் வந்திருக்கிறது. அதில் விழும் எழுத்து ஆயுசுக்கும் கூடவே வரும். எழுதிக் கொடுக்கும்போது தமிழிலும் இங்கிலீஷிலும் தெளிவாய் எழுதி, அச்சாகி வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாய்ச் சரி பாருங்கள். ஆதாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் அந்தச் சான்றிதழைப் பார்த்தே எழுதுங்கள்.

நகை போடுகிறோம், சட்டை தைக்கிறோம். பிடிக்காவிட்டால் பிள்ளை கழற்றி வைத்துவிடும். பெயரை அப்படிக் கழற்ற முடியாது. அறுபது எழுபது வருஷம் சுமக்கப் போகிறவளுக்குக் கனக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதானே தாயின் வேலை?

நான் சொன்னது தப்பென்று நினைப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள். திட்டியே எழுதினாலும் படிக்கிறேன். ஆனால் உங்கள் பெயரை எந்த ஸ்பெல்லிங்கில் எழுதுவது என்று மட்டும் முதலில் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்!

— ஓர் இல்லத்தரசி, விருதுநகர்