தண்டுவடம் மனப்பாடம் செய்யும் வலி

கால் பெருவிரலைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் வலி இரண்டு தவணையாக வரும். முதலில் சுரீரென்று ஒன்று. சற்றுப் பொறுத்து விண்விண்ணென்று இன்னொன்று. முதல் சேதியைக் கொண்டுவரும் நரம்பிழைக்கு மெல்லிய கொழுப்புறை உண்டு. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். இரண்டாவது இழைக்கு உறையே கிடையாது. நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். நம் நடையைவிட மெதுவு.

இரண்டும் வந்து சேருமிடம் தண்டுவடம். அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் எழுதினார்கள். தொடுவுணர்ச்சி இழைகள் சுறுசுறுப்பானால் அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும். இடித்த விரலைத் தேய்த்துவிட்டால் இதமாக இருப்பது இதனால்தான்.

1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளிடம் கண்டது இன்னும் விசித்திரம். காயம் பட்டபின் தண்டுவட நரம்பணுக்களே கூடுதலாகத் துடிக்கத் தொடங்கின. இதை ‘மையக் கூருணர்வு’ எனலாம்: சின்னச் சேதியையும் பெரிதாக்கும் நிலை. அந்த அணுக்களின் மேல் நுண்ணிய வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு மெக்னீசிய அயனி தக்கைபோல் அடைத்திருக்கும். வலிச் சேதி விடாமல் வந்துகொண்டிருந்தால் தக்கை விலகும், கால்சியம் உள்ளே பாயும், அணு உஷாராகிவிடும். பிறகு சட்டை உரசினாலும் வலிக்கும். வாய்ப்பாடு மனதில் பதிவதற்கும் மூளை இதே தக்கையைத்தான் நம்பியிருக்கிறது!

மேலிருந்தும் ஒரு கை வலியைத் திருகுகிறது. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ், எலிகளின் நடுமூளையை மின்சாரத்தால் தூண்டியபடியே, மயக்கமருந்து இல்லாமல் வயிற்றில் அறுவை செய்தார். மூளையால் அவ்வளவு தூரம் வலியைக் குறைக்க முடியும். கூட்டவும் முடியும். 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பு: கட்டடத் தொழிலாளி ஒருவரின் பூட்ஸை 15 சென்டிமீட்டர் ஆணி துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது. லேசாக அசைத்தாலும் உயிர் போகிற வலி. பூட்ஸைக் கழற்றினால் ஆணி விரலிடுக்கில் போயிருக்கிறது, கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. ஆணியைப் பார்த்த மூளை வலியை உண்டாக்கிவிட்டது.

மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கும் முதுகுவலியோ மூட்டுவலியோ திடீரெனச் சீறுவதை இங்கிருந்து பார்க்க வேண்டும். தூக்கம் கெட்ட இரவு, மனக்கவலை, ‘இன்றைக்குப் பரவாயில்லை’ என்று வீடு முழுக்க ஒட்டடை அடித்த ஞாயிறு... எதுவும் போதும். மைக்செட்டில் யாரோ வால்யூமைத் திருகிவிட்ட மாதிரி; பாடுகிறவர் அதே குரலில்தான் பாடுகிறார். பெரும்பாலும் புதுக் காயம் எதுவும் இராது. ஆனால் காலில் புதிதாக மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல் சேர்ந்தால் அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றபடி, படுத்தே கிடப்பது உதவாது. தசை தளரும், பயம் வளரும். வேலையைப் பாதியாக்கிக்கொண்டு அசைந்துகொண்டே இருப்பது, வெந்நீர் ஒத்தடம், மூச்சை நிதானமாக விடுவது, நேரத்துக்கு உறங்குவது: எல்லாமே கேட்கச் சாதாரணம்தான். நிஜமான சூட்சுமம் கடிகாரத்தில் இருக்கிறது. 10 நிமிடம் நடந்தால் வலி ஏறும் என்றால் 7இல் நின்றுவிட வேண்டும். சில நாள் கழித்து 8. வலி வந்தபின் நிற்பது எல்லாருக்கும் வரும். தெம்பு மிச்சமிருக்கும்போதே உட்காருவதற்குத்தான் பழக வேண்டியிருக்கிறது.