உட்கார்ந்திருக்கும் யானை

ரஷ்யாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் தேடிப் போவது ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தைத்தான். ஓவியம், சிற்பம், ஜார் மன்னர்களின் தங்கம் என்று கால் கடுக்க நடந்து, கண் பூத்துப்போய் வெளியே வருவார்கள். எதிரே நேவா ஆறு. அக்கரையில் ஒரு யானை உட்கார்ந்திருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நம் கோயில் யானை போன்றதல்ல அது. உடம்பெல்லாம் ரோமம் மூடிய மாமூத். விலங்கியல் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால், எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் போனதுபோல் உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பவர்களைக் கவர்வதற்காக யாரும் அப்படி வைக்கவில்லை. சைபீரியாவில் பெரெசோவ்கா ஆற்றங்கரையில் 1900இல் அகப்பட்டபோதே அந்த நிலையில்தான் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பள்ளத்தில் விழுந்து எழ முடியாமல் செத்திருக்க வேண்டும். பற்களுக்கிடையே மென்று முடிக்காத புல் அப்படியே இருந்தது.

மறு ஆண்டு ஓட்டோ ஹெர்ட்ஸ் தலைமையில் ஒரு குழு அங்கே போனது. மண் பாறைபோல் உறைந்து கிடந்தது. யானையின் மேலே மரக்கட்டைகளால் ஒரு குடில் எழுப்பி, உள்ளே அடுப்பு மூட்டி, இளக இளக வெட்டி எடுத்தார்கள். அந்த இறைச்சியைக் குழுவின் நாய்கள் தின்றன. ஆராய்ச்சியாளர்களும் விருந்து வைத்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நம்ப வேண்டியதில்லை.

பல்லாயிரம் ஆண்டுப் பழைய இறைச்சி, நாய் தின்னும் பக்குவத்தில் எப்படி இருந்தது? பாக்டீரியா இயங்கத் திரவ நிலையில் தண்ணீர் வேண்டும். பனிக்கட்டியை அதனால் குடிக்க முடியாது. நீர் உறைந்ததும் அழுகும் வேலை கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. நம் வீட்டு ஃப்ரீசரில் நடப்பதும் இதுதான். சைபீரியாவின் ஃப்ரீசர் தரைக்கடியில் இருக்கிறது, அதற்கு மின்சாரமும் வேண்டாம், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓரிடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்கு நன்றாகக் கீழே இருந்தால், குளிர்காலத்தில் மண்ணுக்குள் இறங்கும் குளிர் முழுவதையும் கோடை வெயிலால் விரட்ட முடியாது. மேல்மண் ஓரிரு மீட்டர் இளகும், புல் முளைக்கும், கொசு மொய்க்கும். அதன் கீழே உறைந்தது உறைந்தபடியே கிடக்கும். இதை நிரந்தர உறைமண் என்கிறார்கள். ஒரு கோடியே எழுபது லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த ரஷ்யாவில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் இப்படிப்பட்டது.

அது எவ்வளவு ஆழம் போகிறது என்பது முதலில் தெரியவந்தது ஒரு வியாபாரியின் பிடிவாதத்தால். யாகுட்ஸ்க் நகரில் ஃபியோதர் ஷெர்கின் என்பவர் 1828இல் கிணறு வெட்டத் தொடங்கினார். தண்ணீர் வரவில்லை. விடாமல் 1837 வரை வெட்டி 116 மீட்டர் போனார். அங்கேயும் உறைமண்தான்! பிறகு மித்தென்தார்ஃப் என்ற அறிவியலாளர் அந்தக் கிணற்றுக்குள் ஆழம் ஆழமாக வெப்பமானி வைத்து அளந்தார். தண்ணீர் தராத கிணறு ஓர் அறிவியல் துறைக்கே ஊற்றாகிவிட்டது. யாகுட்ஸ்க் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.

யாகுட்ஸ்க்கின் வீடுகளே ஒரு காட்சிதான். தூண்கள் மேல் நிற்கின்றன. தரைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று புகுந்து போகும். வீட்டின் சூடு மண்ணில் இறங்கினால் உறைமண் இளகி அடித்தளமே புதைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. குழாய்களும் தெருவில் தலைக்கு மேலேதான் ஓடுகின்றன. அங்கே மாமூத்துக்கென்றே தனி அருங்காட்சியகமும் உண்டு.

ஒரு காலத்தில் சைபீரியப் பழங்குடியினர் சிலர், மாமூத் என்பது மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் பெரிய எலி, வெளிச்சம் பட்டதும் செத்துவிடும் என்று நம்பினார்கள். சிரிக்கத் தோன்றும். ஆனால் உயிரோடு யாரும் பார்த்ததில்லை, கிடைத்ததெல்லாம் ஆற்றங்கரை மண் சரிந்து வெளியே தெரிந்த உடல்கள். கண்ட சான்றுக்கு அவர்கள் சொன்ன விளக்கம் பொருத்தமானதுதான். பீட்டர்ஸ்பர்க் அறிஞர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? லீனா ஆற்று முகத்துவாரத்திலிருந்து 1806இல் ஆடம்ஸ் என்பவர் கொண்டுவந்த எலும்புகளை, ஓர் இந்திய யானையின் எலும்புக்கூட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கோத்தார்கள். தந்தங்களை இடம் வலமாக மாற்றிப் பொருத்திவிட்டார்கள்.

நம் யானையை மாதிரியாக வைத்தது மட்டும் தப்பில்லை. மாமூத்துக்கு ஆப்பிரிக்க யானையைவிட ஆசிய யானைதான் நெருங்கிய சொந்தம் என்று பின்னாளில் டிஎன்ஏ காட்டியது. ரத்தத்திலும் ஒரு சின்ன மாற்றம் உண்டு. சாதாரணமாகக் குளிரில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. மாமூத்தின் ஹீமோகுளோபின் குளிரிலும் ஆக்சிஜனை விட்டுக்கொடுத்தது. அதனால் பனியில் புதையும் கால்களுக்கும் ஆக்சிஜன் தடையின்றிக் கிடைத்தது. மாமூத்தின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அந்த ஹீமோகுளோபினையே ஆய்வகத்தில் உண்டாக்கிச் சோதித்து 2010இல் இதைச் சொன்னார்கள்.

ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய சலெகார்ட் நகர அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது லியூபா. கலைமான் மேய்க்கும் ஒருவர் 2007இல் யமால் தீபகற்பத்தில் கண்டெடுத்த மாமூத் குட்டி. செத்தபோது அதற்கு வயது ஒரு மாதம்தான். செத்து ஏறக்குறைய 42,000 ஆண்டுகள் ஆகின்றன. வயிற்றில் தாய்ப்பால் மிச்சமிருந்தது. கரையொதுங்கி வெயிலில் கிடந்தும் அது அழுகவில்லை. லாக்டிக் அமில பாக்டீரியா முன்பே அந்த உடலில் பெருகி, அதைப் புளிக்க வைத்துக் காப்பாற்றியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பாலைத் தயிராக்குவதும் நம் வீட்டு இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் அதே வகைப் பாக்டீரியாதான்.

என்னைக் கேட்டால், இத்தனை யானைகளையும் விஞ்சியது ஒரு செடி. கொலிமா ஆற்றங்கரையில் 38 மீட்டர் ஆழத்தில், பனியுகத்து அணில் ஒன்று வளைக்குள் சேர்த்து வைத்த காய்கள் கிடைத்தன. வயது 30,000 ஆண்டுகளுக்கு மேல். அவற்றின் திசுவிலிருந்து ரஷ்ய விஞ்ஞானிகள் செடி வளர்த்தார்கள். அது வெள்ளைப் பூ பூத்தது, விதையும் தந்தது. 2012இல் செய்தி வெளியானது. அணில் மறந்துபோன சேமிப்பு!

இந்த ஃப்ரீசரின் கதவு இப்போது திறந்துகொண்டிருக்கிறது. யாகுட்டியாவில் படகாய்கா என்ற இடத்தில் 1960களில் காட்டை வெட்டினார்கள். நிழல் போனது, வெயில் நேரே மண்ணில் இறங்கியது, அடியில் இருந்த பனிக்கட்டி உருகித் தரை அமிழ்ந்தது. இன்று அது ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளம்; ஊர்க்காரர்கள் பாதாள வாசல் என்கிறார்கள். உலகம் சூடேறச் சூடேற அது இன்னும் விரிகிறது. அங்கிருந்துதான் 2024இல் யானா என்ற மாமூத் குட்டி, தும்பிக்கை கலையாமல் வெளியே வந்தது. ஆய்வாளர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் இளகும் மண்ணில் ஒன்று யார் கண்ணிலாவது படுவதற்குள் எத்தனை அழுகிப்போகும், எத்தனையை நரி தின்னும் என்பதற்குக் கணக்கில்லை. அந்த மண்ணில் உறைந்து கிடந்த செடிகொடிகளும் சேர்ந்து மக்கி, கரியமில வாயுவும் மீத்தேனுமாக மேலே போகின்றன. சூடு மேலும் ஏறுகிறது.

பீட்டர்ஸ்பர்க் போனால் ஹெர்மிடேஜில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அரண்மனைப் பாலத்தைத் தாண்டி வாருங்கள். நடந்தே வந்துவிடலாம்.