ஹெட் இறக்கி ஏற்றிய பிறகு ஒரு புதுச் சத்தம்

எஞ்சின் வேலைக்குப் பெரிய தொகையைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வருகிறோம். பட்டறையில் விடும்போது இல்லாத ஒரு 'டக் டக்' கூடவே வருகிறது. பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே தொப்பம்பட்டி போன்ற ஊரில் இருப்பவருக்கு உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: இதே வண்டியைப் பட்டறை வரை மறுபடி ஓட்டிப் போகலாமா, கூடாதா?

அதற்குப் பதில் டேஷ்போர்டில் இருக்கிறது. எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள ஆயில் படலம். அழுத்தம் போனால் அந்தப் படலமும் போய்விடும். அதன்பின் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பில்லில் ஏறும். விளக்கு எரியவில்லை என்றால் ஆயில் குச்சியை எடுத்து அளவைப் பாருங்கள். அளவும் சரியாக இருந்து, சத்தம் கனமாகவும் இல்லையென்றால் பதற வேண்டாம். காதைத் தீட்டிக்கொள்ளலாம்.

சத்தத்திடம் கேட்க வேண்டியவை மூன்று: எப்போது வருகிறது, எவ்வளவு வேகமாக அடிக்கிறது, எங்கிருந்து வருகிறது.

வேகத்தை முதலில் பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் கிராங்க் நொடிக்கு 13 முறை சுற்றும். ஒரு வால்வு ஆறேழு முறைதான் திறந்து மூடும். ஆகவே எஞ்சினின் மேல் பாகத்தில், நிதானமாக, தையல் மெஷின் போல 'டிக் டிக்' என்று கேட்டால் சந்தேகம் வால்வுப் பக்கம் போகும். கீழிருந்து, கனத்த குரலில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வலுக்கும் 'டொக் டொக்' என்றால் கனெக்டிங் ராடு பேரிங்கைப் பார்க்க வேண்டும். முந்தையது சில நாள் பொறுக்கும். பிந்தையது பொறுக்காது, வண்டியைக் கட்டி இழுத்துப் போவதே நல்லது.

அடுத்து நேரம். காலையில் செல்ஃப் அடித்ததும் ஓரிரு நொடி மட்டும் கரகரத்து அடங்கினால் டைமிங் செயின் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்று கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினில் தட்டி, சூடேறியதும் மறைந்தால் இரண்டு காரணங்கள் உண்டு. சிலிண்டரில் பிஸ்டன் சற்றுத் தளர்வாக இருந்து, விரிந்தபின் பொருந்துவது ஒன்று. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் சரியாக உட்காராமல் புகை கசிவது மற்றொன்று. அந்த இணைப்பில் கரி படிந்த கறுப்புக் கோடு தெரிந்தால் இரண்டாவதுதான். ஏசியைப் போட்டதும் கீச்சிட்டால் பெல்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் பெல்ட்டின் மேல் எட்ட நின்று கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. சற்று அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை.

பழுது பார்த்த பின் வரும் சத்தத்துக்கு இன்னொரு விதி உண்டு: கை பட்ட இடத்தை முதலில் பார். சிலிண்டர் ஹெட்டை இறக்கி ஏற்றியிருந்தால் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியை மறுபடி அமைத்திருப்பார்கள். பல கார்களில் அது 0.15 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு இறுகவும் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. லேசாக உரசி நகர வேண்டும். கொஞ்சம் கூடினால் சத்தம். குறைந்தால் சத்தமே இருக்காது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல் கருகும். ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள எஞ்சினில், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் வரை சிறிது நேரம் தட்டுவது வழக்கம்தான்.

சூட்டில் ஹெட் வளைந்து, லேத் பட்டறையில் அதன் முகத்தைச் சீவியிருந்தால் வேறொரு சிக்கல் வரலாம். எரி அறையின் இடம் சுருங்கி, அமுக்க விகிதம் கூடிவிடும். சமவெளியில் அமைதியாக ஓடிய பெட்ரோல் வண்டி, பழனியிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறும்போது கண்ணாடிக் குண்டுகளைக் குலுக்கியது போல 'சலசல'க்கும். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மிச்சக் கலவை தானாகவே வெடிப்பதால் வரும் சத்தம் அது. இந்த நாக்கிங்கை அடக்கத்தான் 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலப்பதைக் கண்டுபிடித்தார். நஞ்சு என்பதால் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் அது முற்றிலும் நிறுத்தப்பட்டது. இன்றைய கார்களில் நாக் சென்சார் இந்த அதிர்வை உணர்ந்து, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திக் காக்கிறது. வேலையின்போது அதன் இணைப்பைப் பொருத்த மறந்திருந்தாலும் எஞ்சின் சரியாக இழுக்காது.

டீசல் வண்டியில் அதிகச் செலவு வைப்பது இன்ஜெக்டர். காமன் ரயில் எஞ்சினில் முக்கியத் தெளிப்புக்கு முன் ஒரு துளி டீசலைத் தெளித்து, எரிதலை மெல்லத் தொடங்கிவைப்பார்கள். பழைய டீசலின் கடகடப்பு இதனால்தான் குறைந்தது. பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். புதிதாகப் போட்டவர் அதை ஸ்கேனர் மூலம் எஞ்சின் கணினியில் பதியவில்லை என்றால், தெளிக்கும் அளவு பிசகி எஞ்சின் கரடுமுரடாகத் தட்டும். குறை பாகத்தில் இல்லை என்பதால் இன்னொரு இன்ஜெக்டர் வாங்கினாலும் தீராது.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். 1816இல் பிரான்ஸில் மருத்துவர் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கியதும் இதே தத்துவத்தில்தான்: திடப்பொருள் வழியே ஒலி சிதறாமல் வரும். ராடு சத்தமா என்று உறுதிசெய்ய ஒவ்வொரு சிலிண்டராக எரிதலை நிறுத்திப் பார்ப்பார்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது தட்டு குறைகிறதோ, பழுது அங்கே. பிளக் மேலேயே காயில் வைத்த புதிய வண்டிகளில் இதை ஸ்கேனரால் செய்வதே பாதுகாப்பு. வீட்டில் பிளக் ஒயரையோ காயிலையோ பிடுங்கிப் பார்த்தால் ஷாக் அடிக்கலாம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

இவை எதுவுமில்லாமல், ஒரு சத்தம் முன்பிருந்தே இருந்திருக்கவும் கூடும். பழைய இரைச்சல் அடங்கியதும், அதற்குள் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே கேட்கும். மாட்ட மறந்த கிளிப், தளர்ந்த வெப்பத் தகடு, சரியாக முறுக்காத எஞ்சின் மவுன்டிங் போன்றவை ஸ்பேனரால் தீர்கிற சங்கதி.

ஆகவே பட்டறைக்குத் திரும்பும்போது, சத்தம் வரும் நேரத்தில் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பாகங்களையும், செய்த வேலைகளை வரிசையாக எழுதிய பில்லையும் கேட்டு வாங்குங்கள். செய்த வேலையில் குறை தெரிந்தும் சரிசெய்ய மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கே அந்த பில்தான் பேசும். அதற்குமுன் யாராவது புதிய பாகம் போடச் சொன்னால் கேளுங்கள்: "எந்தச் சோதனையில இது தெரிஞ்சுது, அண்ணே?" பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விடலாம்.