உடற்பருமனை அளக்கும் கோல்

உடற்பருமன் செல்வ நாடுகளுக்கே உரிய நோய் என்று கருதப்பட்ட காலம் உண்டு. இன்று ஊட்டக்குறைவும் உடற்பருமனும் ஒரே நாட்டில், ஒரே மாவட்டத்தில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில் அருகருகே காணப்படுகின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 18.7 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள். 24 சதவீதத்தினர் எடை மிகுந்தவர்கள். இந்த இரண்டாவது எண்ணிக்கை எந்த அளவுகோலால் பெறப்பட்டது, அக்கோல் எல்லா மக்களுக்கும் பொருந்துமா என்பவை ஆராயத்தக்க வினாக்கள்.

அளவுகோலின் தோற்றம்

ஒருவரின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் கணித்த உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ப் கெட்லே இவ்விகிதத்தை வகுத்தார். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஏன்சல் கீஸும் அவருடைய குழுவினரும் இதற்கு இன்றைய பெயரை வழங்கினர். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி இவ்வெண் 25ஐ எட்டினால் மிகை எடை. 30ஐ எட்டினால் உடற்பருமன். இவ்வெல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த மக்களிடம் நடத்திய ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டவை. மேலும், எடை என்பது தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுவதில்லை. கொழுப்பு உடலின் எப்பகுதியில் சேர்ந்துள்ளது என்பதையும் கூறுவதில்லை.

சிங்கப்பூர் தந்த சான்று

சீனர், மலாயர், இந்தியர் எனப் பல இனத்தவர் ஒரே நகரில், ஒரே அரசின் மருத்துவ வசதிகளின்கீழ் வாழும் சிங்கப்பூர், ஒப்பீட்டுக்கு ஏற்ற களமாக அமைந்தது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், எல்லை 30 எனக் கொண்டபோது, வயது வந்த மலாயரில் 24 சதவீதத்தினரும், இந்தியரில் 16.9 சதவீதத்தினரும், சீனரில் 7.9 சதவீதத்தினரும் உடற்பருமன் உடையவர்களாக இருந்தனர். ஆனால் நீரிழிவு நோயின் விகிதமோ மலாயரிடையே 16.6, இந்தியரிடையே 17.2, சீனரிடையே 9.7 சதவீதமாக இருந்தது. உடற்பருமனில் மலாயரைவிட மிகவும் பின்தங்கியிருந்த இந்தியர், நீரிழிவில் அவர்களுக்குக் குறையவில்லை. எடையும் நோயும் எல்லா இனத்தவரிடமும் ஒரே விகிதத்தில் உயர்வதில்லை என்பது இதனால் விளங்கும்.

இதற்கான காரணங்களுள் ஒன்றை 2000ஆம் ஆண்டில் வெளியான சிங்கப்பூர் ஆய்வொன்று சுட்டியிருந்தது. ஐரோப்பியரிடம் குறியீட்டெண் 30 ஆகும்போது காணப்படும் கொழுப்பின் அளவு, சீனரிடமும் மலாயரிடமும் 27லேயே, இந்தியரிடம் 26லேயே காணப்பட்டது. 2002இல் சிங்கப்பூரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, உலகப் பொது எல்லைகளை மாற்றவில்லை. எனினும் ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களையும் நடவடிக்கைக்குரிய நிலைகளாகக் கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது. சிங்கப்பூர் அவற்றை ஏற்றது.

மெலிந்த உடலில் மறைந்த கொழுப்பு

இந்திய அறிஞர்களும் இதே முடிவை வேறு வழியில் எய்தினர். புனே நகர மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவருக்கும் குறியீட்டெண் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004இல் 'லான்செட்' இதழில் வெளியான இவ்வொப்பீடு, மெலிந்த தோற்றத்துள் கொழுப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதை எளிதில் உணர்த்தியது. புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகள் பிரிட்டனில் பிறந்தவற்றைவிட எடை குறைந்திருந்தும், அவற்றின் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்றும் ஆய்வுகள் காட்டின. ஆகவே தாயின் ஊட்டநிலையும் இதில் தொடர்புடையது எனலாம். இன வேறுபாட்டைப் பிறவிக்கூறு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. உணவு, உழைப்பு, வருவாய் ஆகியவையும் அதனுள் அடங்கியுள்ளன.

நிர்வாகத்துக்கு உரிய பாடம்

160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீட்டெண் 23.4. உலகப் பொது எல்லைப்படி அவர் இயல்பானவர். 2009இல் இந்திய வல்லுநர்கள் வெளியிட்ட கருத்தொருமிப்பின்படி மிகை எடையுள்ளவர். முதல் கணக்கில் அவர் வீடு திரும்புவார். இரண்டாவது கணக்கில் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவார். எல்லையைத் தாழ்த்தினால் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பணிச்சுமை பெருகும் என்பது உண்மையே. ஆயினும் தாழ்த்தாவிடில், நோய் முற்றிய பின்னரே பலர் மருத்துவமனையை அடைவர். அச்செலவு இதனினும் பெரிது.

செலவு குறைந்த துணைக்கருவி ஒன்றும் உண்டு. அது சாதாரண அளவு நாடா. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் இடையின் சுற்றளவை இடுப்பின் சுற்றளவால் வகுத்துப் பார்த்தபோது, பெண்களில் 56.7 சதவீதத்தினரும் ஆண்களில் 47.7 சதவீதத்தினரும் அபாய நிலையில் இருந்தனர். எடைக் கணக்கு காட்டிய 24 சதவீதத்தோடு இதனை ஒப்பிடுக. 30 வயதை எட்டியோருக்காக ஆஷா பணியாளர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்திலும் இடைச் சுற்றளவு இடம்பெற்றுள்ளது. பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைக் கடந்தால் அபாய மதிப்பெண் கூடும். இவ்வளவைக் கண்மதிப்பாகக் குறிக்காமல் நாடாவைக் கொண்டு முறையாக எடுக்கச் செய்வது மேற்பார்வை அலுவலர்களின் கடமையாகும். பருத்தவரை மட்டும் தேடும் திட்டம், மெலிந்த தோற்றமுடைய நோயாளியைத் தவறவிட்டுவிடும்.