இலைக்கணக்கும் உயிர்க்கணக்கும்

கல்யாணச் சமையலுக்கு ஒப்புக்கொள்ள வரும் சமையற்காரர் முதலில் கேட்பது ‘எத்தனை இலை?’ என்பதைத்தான். எத்தனை பந்தி, இலைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, சிந்தியும் மிஞ்சியும் போவது எவ்வளவு என்று மனத்துக்குள்ளேயே பெருக்கி, அரை மணி நேரத்தில் மளிகைப் பட்டியலை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். ஒரு நாட்டின் சுகாதாரத் துறை அடுத்த ஐந்தாண்டுக்குச் செலவுத் திட்டம் போடும்போது செய்வதும் அடிப்படையில் இந்தப் பெருக்கல்தான். ஆனால் அங்கே இலைகள் கோடிக்கணக்கில், பண்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பரிமாறும் ஆளைத் தயார் செய்யவே மூன்று வருடம் பிடிக்கும். அந்த மூன்று வருடத்துக்குள் இலைகளின் எண்ணிக்கையும் கூடிவிடும். மனக்கணக்குக்கு அடங்காத இந்த வேலைக்கென்றே சில மென்பொருள்கள் இருக்கின்றன. பல ஏழை நாடுகளின் சுகாதாரத் திட்ட ஆவணங்களில் காணும் ‘மொத்தம் இத்தனை கோடி டாலர் தேவை’ என்ற வரி பெரும்பாலும் இவற்றின் வழியாக வந்ததுதான். அந்த வரியைப் பெரிதாக மதிக்கத் தேவையில்லை, அதற்கு முந்தைய பக்கங்களைத்தான் மதிக்க வேண்டும் என்பது என் வாதம்.

2009-இல் நடந்த ஒரு சங்கடத்திலிருந்து தொடங்கலாம். ஏழை நாடுகளின் சுகாதாரத்துக்கு எங்கிருந்து பணம் திரட்டுவது என்று ஆராய அமைக்கப்பட்ட சர்வதேச உயர்நிலைக் குழு, 49 நாடுகளுக்கு 2015 வரை கூடுதலாக எவ்வளவு தேவை என்று கணக்குக் கேட்டது. உலக சுகாதார நிறுவனம் தன் முறையில் போட்டுப் பார்த்து ஏறத்தாழ 25,100 கோடி டாலர் என்றது. உலக வங்கியும் யுனிசெஃபும் வேறு கருவியைக் கொண்டு போட்ட கணக்கில் 11,200 கோடி டாலர்தான் வந்தது. நாடுகளும் ஆண்டுகளும் நோக்கமும் ஒன்றாக இருந்தும் விடை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட்டது. இருவருமே கூட்டலில் தவறவில்லை. ஒரு தரப்பு மருத்துவமனைகளையும் கட்டமைப்பையும் முன்கூட்டியே எழுப்புவதாக வைத்துக்கொண்டது. மறு தரப்பு ஊர்மட்ட ஊழியர்களைக் கொண்டு, சேவைக்குக் குறுக்கே நிற்கும் தடைகளை ஒவ்வொன்றாக அகற்றி மெல்ல முன்னேறுவதாக வைத்துக்கொண்டது. விடையைத் தீர்மானித்தது இந்த ‘வைத்துக்கொள்வோம்’தான்.

ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் ஆளுக்கொரு கருவியை வைத்திருந்தால் நாடுகள் எதை நம்பும் என்ற கேள்வி அப்போது வலுத்தது. அவை சேர்ந்து உருவாக்கி 2012-இல் வெளியிட்டதுதான் ‘ஒன்ஹெல்த் டூல்’. (விலங்குகளின் நோயையும் மனிதரின் நோயையும் சேர்த்துப் பார்க்கும் ‘ஒன் ஹெல்த்’ கொள்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் வைத்தவர்கள் சற்று யோசித்திருக்கலாம்.) எச்.ஐ.வி. மதிப்பீடுகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வரும் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற மென்பொருள் தொகுப்புக்குள் இது அடங்கியிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஒரு பகுதி, நோய்களுக்கு ஒரு பகுதி, ஊழியர்கள், கட்டடங்கள், மருந்து விநியோகம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள், கடைசியில் அரசிடம் இவ்வளவு பணம் இருக்குமா என்று பார்க்கும் நிதிப் பகுதி என்று அடுக்கியிருப்பார்கள்.

உள்ளே போய் ஒரு சிறு கட்டத்தைப் பார்ப்போம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி பல டோஸ்கள் கொண்ட குப்பியில் தூளாக வருகிறது. நீர் சேர்த்துக் கரைத்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சிறிய ஊரில் அன்றைக்கு நான்கு குழந்தைகள்தான் வந்தார்கள் என்பதற்காக ஊசி போடாமல் திருப்பியனுப்ப முடியாது. ஆகவே இத்தகைய தடுப்பூசிக்குப் பாதிக்குப் பாதி வீணாகும் என்றே திட்டமிடுவது வழக்கம். நூறு குழந்தைகளுக்கு இருநூறு டோஸ் வாங்க வேண்டும். சமையற்காரரின் ‘சிந்தியும் மிஞ்சியும்’ கணக்கு இதுதான். இந்தக் கட்டத்தை நிரப்ப மறந்தால் ஆண்டின் நடுவிலேயே தடுப்பூசி தீர்ந்துவிடும். ஊழியர் கணக்கும் இப்படித்தான். ஆயிரம் செவிலியர் கூடுதலாக வேண்டும் என்று எழுதுவது எளிது. படிக்கும் ஆண்டுகளையும், ஓய்வு பெறுவோரையும், வெளிநாட்டுக்குப் போய்விடுவோரையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆயிரம் பேரும் திட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேர்வார்கள் என்று கருவி காட்டிவிடும்.

செலவுக் கணக்கோடு உயிர்க்கணக்கும் உண்டு. ‘லிஸ்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பகுதி, 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த குழந்தை உயிர்காப்புக் கட்டுரை வரிசையிலிருந்து கிளைத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வளர்த்தெடுத்தது. அதன் தர்க்கத்தை ஒரு தாளிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பதாகவும், நோய் கண்ட நூறு குழந்தைகளில் நாற்பது பேருக்கே ஓ.ஆர்.எஸ். கரைசல் கிடைப்பதாகவும் கொள்வோம். கரைசல் கிடைத்தால் வயிற்றுப்போக்கு மரணத்தில் 93 சதவீதம் தடுக்கப்படும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நாற்பதை எழுபதாக உயர்த்தினால் ஆயிரத்தில் 444 மரணம் குறையும் என்று விடை வரும். மேலோட்டமாகப் பெருக்கினால் முப்பதில் 93 சதவீதம், அதாவது 279 என்றுதான் தோன்றும். ஆனால் இந்த ஆயிரம் மரணங்கள் ஏற்கெனவே நாற்பது சதவீதம் பேர் பயன்பெற்ற பிறகு மிஞ்சியவை. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கரைசல் எட்டாத வீட்டுக் குழந்தைகள். அதனால்தான் பலன் கூடுகிறது. ரோட்டா வைரஸ் தடுப்பூசியும் கொடுத்தால், அது தடுத்த மரணங்களைக் கழித்துவிட்டு மீதியில்தான் கரைசலின் பலனைக் கணக்கிட வேண்டும். ஒரே குழந்தையை இரண்டு முறை காப்பாற்றியதாக எழுதக்கூடாது அல்லவா?

இப்போது இந்தக் கணக்கில் ஒவ்வோர் எண்ணாகக் கலைத்துப் பார்ப்போம். கரைசலின் பலன் 93 இல்லை, 80 சதவீதம்தான் என்று வைத்தால் காப்பாற்றப்படுவோர் 444-லிருந்து 353 ஆகக் குறைகிறார்கள். பலனை 93-லேயே விட்டுவிட்டு, எழுபது சதவீதத்தை எட்டுவதாகச் சொன்ன திட்டம் ஐம்பதோடு நின்றுவிட்டது என்று வைத்தால் 148 பேர்தான். மருத்துவ ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து அளந்த எண்ணில் வரும் பிழையைவிட, தலைநகரத்தில் ஓர் அலுவலர் ‘2030-க்குள் 70 சதவீதம்’ என்று தட்டச்சு செய்த எண்ணில் வரும் பிழை எவ்வளவு பெரியது! இந்த மென்பொருள்களின் மிகப் பலவீனமான இடம் இந்த ஒரு கட்டம்தான். மற்ற எண்களுக்கு ஆய்வோ விலைப்பட்டியலோ சான்று நிற்கும், இதற்கு வெறும் விருப்பமே போதும்.

எத்தியோப்பியாவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சுகாதாரத் திட்டமிடலில் கெட்டிக்கார நாடு அது. இந்தக் கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறது. 2015-இல் தொடங்கிய ஐந்தாண்டுச் சுகாதாரத் திட்டத்துக்கு ஒன்ஹெல்த் டூலில்தான் செலவு போட்டது. பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து, சுமார் ஐயாயிரம் பேர் கொண்ட ஒவ்வோர் ஊருக்கும் இருவர் என அரசுச் சம்பளத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை நியமித்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதத்தை 1990-இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, குறித்த காலத்துக்கு முன்பே ஐ.நா.வின் புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்கை எட்டியதாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதே நாட்டில், அதே ஊழியர்களைக் கொண்டு நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா மூன்றுக்கும் ஊரிலேயே மருந்து கொடுக்கும் திட்டத்தை ஒரொமியா மாநிலத்தின் ஜிம்மா, மேற்கு ஹரர்கே பகுதிகளில் ஆய்வாளர்கள் முறைப்படி ஒப்பிட்டு அளந்தார்கள். 2016-இல் வெளிவந்த அந்த முடிவின்படி, திட்டம் நடந்த இடங்களிலும் நடக்காத இடங்களிலும் குழந்தை மரணம் குறைந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சி தந்தார்கள், மருந்தும் போய்ச் சேர்ந்தது. ஆனால் நோயுற்ற குழந்தைகளில் மிகச் சிலரையே தாய்மார்கள் அந்த ஊழியர்களிடம் கொண்டுவந்தார்கள். பந்தி விரித்தாயிற்று, சாப்பிட ஆள் வரவில்லை.

அப்படியானால் கருவியே எதற்கு, அனுபவமுள்ள அதிகாரிகள் மனக்கணக்கிலேயே முடிவு செய்யட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அதிகாரியிடமும் ஓர் அனுமானம் இருக்கிறது. அது அவர் தலைக்குள் இருப்பதால் நம்மால் தொட முடியவில்லை, அவ்வளவே. ‘சென்ற ஆண்டு ஒதுக்கீட்டோடு பத்து சதவீதம் கூட்டு’ என்ற பழைய வழக்கமும் ஒரு கணக்கு மாதிரிதான். சென்ற ஆண்டு யாருக்குக் கிடைக்கவில்லையோ அவருக்கு இந்த ஆண்டும் கிடைக்காது என்பது அதன் அனுமானம். 2001-இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று உறுதி எடுத்தார்கள். மேடையில் சொல்ல அழகான எண். அதைக் கொண்டு எத்தனை செவிலியரை எந்த ஆண்டில் நியமிப்பது என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. கருவியிலோ அனுமானம் ஒரு கட்டத்துக்குள் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது, விரலை வைத்து ‘இது எப்படி?’ என்று கேட்கலாம். எத்தியோப்பியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2007-இல். ‘எத்தனை இலை’ என்ற முதல் கேள்விக்கே அங்கே விடை மதிப்பீடுதான் என்பதும் அதே கட்டங்களில் தெரிந்துவிடும். (இந்தியாவில் 2011 கணக்கெடுப்பு எண்களை வைத்துக்கொண்டு பத்தாண்டுக்கு மேல் ஓட்டிய நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.)

உயிரை எண்ணிக்கையாக்குவது ஈரமற்ற வேலை என்ற மறுப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. எண்ணாவிட்டாலும் யாருக்கு முதலில் என்ற தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது, சத்தமில்லாமல் நடக்கிறது என்பது அதற்குப் பாதிப் பதில். மீதிப் பாதியில் மறுப்பவர்கள் சொல்வதே சரி. தடுப்பூசி, கரைசல் போன்றவற்றின் பலன் ‘காப்பாற்றப்பட்ட உயிர்’ என்ற நிரலில் பளிச்சென்று விழும். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வலிநீக்கும் சிகிச்சை ஓர் உயிரையும் காப்பாற்றாது, அந்த நிரலில் அதற்குப் பூஜ்யம்தான். மனநல சிகிச்சையின் பெரும்பகுதியும் அப்படியே. உயிர் எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தும் நாடு, வலியில் துடிப்பவரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடும். அந்தக் குறையை மென்பொருளில் சரிசெய்ய முடியாது, பட்டியலைப் படிப்பவர்தான் சரிசெய்ய வேண்டும்.

இதனால்தான் திட்ட ஆவணத்தோடு கணக்குக் கோப்பையும், அனுமானங்கள் அத்தனையோடும், பொதுவில் வைக்க வேண்டும் என்கிறேன். தொகை மட்டும் வெளியே வந்தால் அது கோஷமாகிவிடுகிறது. 2017-இல் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 67 நாடுகளுக்குப் போட்ட கணக்கில், 2030-இல் ஆண்டுக்குக் கூடுதலாக 37,100 கோடி டாலர் வேண்டும் என்று வந்தது. செய்தியாகப் பரவியதும் அதுதான். ஆளுக்கு ஆகும் மொத்தச் செலவு சராசரியாக 271 டாலர், நாட்டுக்கு நாடு பார்த்தால் 74-லிருந்து 984 வரை என்பதும், கூடுதல் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஊழியர், கட்டடம் போன்ற அடிப்படை அமைப்புகளுக்கே போகிறது என்பதும் அதைவிடப் பயனுள்ள தகவல்கள். கோப்பு வெளியே வந்தால் நிதித்துறை ஓட்டைகளைக் கண்டுபிடித்து ஒதுக்கீட்டை வெட்டிவிடும் என்று சுகாதாரத் துறையினர் அஞ்சுவதுண்டு. நிதித்துறை எப்படியும் வெட்டத்தான் போகிறது. கோப்பு கையில் இல்லாதபோது எல்லாத் தலைப்பிலும் ஒரே சீராக இருபது சதவீதம் வெட்டும். கல்யாண வீட்டார் செலவைக் குறைக்கச் சொன்னால் சமையற்காரர் உப்பிலும் இருபது சதவீதம், பருப்பிலும் இருபது சதவீதம் என்று குறைக்க மாட்டார். இரண்டு பாயசத்தில் ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்பார். சீரான வெட்டில் தடுப்பூசிக்கான பணம் கொஞ்சம் குறையும், குளிர்பதனப் பெட்டிக்கான பணமும் கொஞ்சம் குறையும். பெட்டி வந்து சேராத நிலையத்தில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டிய தடுப்பூசி வெப்பத்தில் நாளாக நாளாக வீரியம் இழந்து வெறும் தண்ணீராகிவிடும். கணக்கில் அது ‘வழங்கப்பட்டது’ என்றே ஏறியிருக்கும்.