கட்டிய பணத்துக்குப் பாத்தியதை எங்கே?

பணம் கட்டுபவன் ஒருவன். காருக்குச் சொந்தக்காரன் வேறொருவன்! இது விடுகதையல்ல, தோழர்களே! தவணைக்குக் கார் எடுப்போர் கையெழுத்திடும் பத்திரத்திலே பொடி எழுத்தில் அடங்கிக் கிடக்கும் சட்டம். முன்பணம் தருகிறோம், மாதந்தவறாமல் டியூ கட்டுகிறோம், டயர் மாற்றுகிறோம், இன்ஷூரன்ஸ் செலுத்துகிறோம். "என் வண்டி" என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பத்திரமோ, "கடைசித் தவணை தீரும்வரை நீ வாடகைக்காரன்தான்" என்கிறது. 'ஹயர்' என்றால் வாடகை. 'பர்ச்சேஸ்' என்றால் வாங்குதல். முதலில் வாடகை, முடிவில்தான் வாங்குதல். பெயரிலேயே இருக்கிறது சூட்சுமம்!

இந்த ஏற்பாடு சட்ட உருவம் பெற்ற இடம் இங்கிலாந்து. தவணைக்கு எடுத்த பியானோவை ஒருவர் அடகு வைத்துவிட்ட வழக்கு, 1895-ல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை முன் வந்தது. பியானோ அடகுக்காரருக்கல்ல, தவணைக்குக் கொடுத்தவருக்கே சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. காரணம் என்ன? எடுத்தவர் விரும்பினால் பொருளைத் திருப்பித் தந்துவிடலாம், வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே அவர் இன்னும் வாங்கியவரல்லர் என்பதே.

இந்தச் சட்ட நுணுக்கம் ஏழையின் வீட்டில் என்ன செய்தது தெரியுமா? இருபது தவணையில் பதினெட்டைக் கட்டியவன் வேலையிழந்து இரண்டு தவணை தவறினால், வந்து பொருளைத் தூக்கிச் செல்வார்கள். கட்டிய பணம் வாடகைக் கணக்கில் போய்விடும். தூக்கிச் சென்ற பொருளை இன்னொருவனுக்கு விற்பார்கள். 'ஸ்னாட்ச் பேக்', அதாவது பிடுங்கிச் செல்லுதல், என்றே அந்நாட்டு மக்கள் இதற்குப் பெயரிட்டார்கள்.

இதைத் தடுக்க எழுந்தவர் எல்லன் வில்கின்சன் என்ற பெண்மணி. தொழிற்கட்சி உறுப்பினர், ஜாரோ தொகுதியின் பிரதிநிதி. 1936-ல் ஜாரோவின் வேலையற்ற தொழிலாளர்கள் லண்டனுக்கு நடந்தே சென்றபோது அவர்களோடு நடந்தவர். அமைச்சர் பதவியில் இல்லாமலே, தனி உறுப்பினராக மசோதா கொண்டுவந்து, 1938-ல் அதைச் சட்டமாக்கிக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால் கோர்ட் உத்தரவில்லாமல் பொருளை எடுக்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். ஆனால் மோட்டார் வண்டிகளில், 50 பவுண்டு வரை விலையுள்ளவற்றுக்கு மட்டுமே அன்று பாதுகாப்பு கிடைத்தது. வரம்பு பின்னர் உயர்ந்தது. 1974-ல் வந்த நுகர்வோர் கடன் சட்டம் அதே கொள்கையை மேலும் உறுதியாக்கிற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டி உட்பட ஒரு காரின் மொத்தத் தவணை விலை 9,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முன்பணத்தையும் சேர்த்து 3,000 பவுண்டு கட்டிவிட்டால், கோர்ட் உத்தரவின்றி கம்பெனி அந்தக் காரை எடுக்க முடியாது. மீறி எடுத்தால் ஒப்பந்தமே முடிந்துபோகும்; கட்டிய பணம் அத்தனையையும் திருப்பித் தரவேண்டும்! கார் வேண்டாமென்று வாங்கியவரே முடிவு செய்தால், மொத்தத்தில் பாதியான 4,500 பவுண்டு வரை கட்டி, காரைத் திருப்பித் தந்து விலகலாம். பழைய பாக்கி இருந்தால் அதையும், காரைக் கெடுத்திருந்தால் அதற்கான ஈட்டையும் தரவேண்டும். ஒன்றை மறக்கக்கூடாது: மனமொப்பித் தானாகவே சாவியைக் கொடுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குப் பாதுகாப்பு உதவாது. வண்டி பழுதாக இருந்தால்? 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, முதல் 30 நாளுக்குள் அதை நிராகரித்துப் பணத்தைக் கேட்கலாம்.

அங்கே அப்படி. அதே பத்திரமுறையை இறக்குமதி செய்துகொண்ட நம் நாட்டில்?

1972-ல் இந்திய நாடாளுமன்றமும் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட பங்கு கட்டிவிட்டால் கோர்ட் மூலமே பொருளை மீட்கவேண்டும் என்ற பாதுகாப்பு அதிலும் இருந்தது. 1973 ஜூன் முதல் அமல் என்று அறிவித்தார்கள். பிறகு அந்த அறிவிப்பையே வாபஸ் வாங்கினார்கள். 2005-ல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். பிறந்த குழந்தை தொட்டிலைக் காணாமலே போயிற்று!

மிஞ்சியது கோர்ட் தீர்ப்புகள்தான். கடன் வசூலுக்கு அடியாட்களை ஏவக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் கண்டித்தது. தவணை வண்டியானாலும் சட்ட வழியில்தான் மீட்கவேண்டும் என்றது 2011-ல். ஆனால் 2020-ல், கடைசித் தவணை வரை நிதி நிறுவனமே சொந்தக்காரர், டியூ தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று கூறியது. பத்திரத்தில் நோட்டீஸ் விதி இருந்தால் நோட்டீஸ் தரவேண்டும், அவ்வளவே. அடிதடி கூடாது என்கிறார்கள், சரி. இத்தனை பங்கு கட்டியவனுக்கு இத்தனை பாத்தியதை என்ற கோடு மட்டும் இல்லையே!

அந்தக் கோடு வரும்வரை விழிப்பே காவல். பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஹயர் பர்ச்சேஸா, வண்டியை ஈடாக வைத்த கடனா என்று பாருங்கள். ஈட்டுக் கடனில் வண்டி உங்களுக்கே சொந்தம். நோட்டீஸ் காலம், வண்டியை எடுக்கும் முறை, விற்குமுன் தரவேண்டிய கடைசி வாய்ப்பு ஆகியவை பத்திரத்தில் இருக்கவேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்த கட்டளை. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். கடைசி டியூ கட்டியதும் தடையில்லாச் சான்று பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி பெயரை நீக்கிக்கொள்ளுங்கள்.

டாக்ஸி ஓட்டுபவருக்கு வண்டி அலங்காரமல்ல, அடுப்பில் எரியும் நெருப்பு. கட்டாத தவணையை எண்ணத் தெரிந்த சட்டம், கட்டிய தவணையையும் எண்ணட்டும்! ஒரு தனி உறுப்பினர் 1938-ல் அங்கே செய்துகாட்டியதை, இங்கே நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்போர் செய்ய முடியாதா? கேட்போம், உரக்கவே கேட்போம்!